முதல் கரண்டி

கலையரசிக்கு வாய்தான் பொல்லாதது. மனசு வெள்ளை. ஆனால் மனசை யார் பார்த்தார்கள்? வாயைத்தான் தெருவே கேட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்று ஒரு சண்டை. அதில் கொழுந்தன் பெண்டாட்டி ரோஜாவைப் பார்த்து, "இரு இரு, ஒரு நாளைக்கு உன் சோத்துல வெஷத்த வெக்கிறனா இல்லியா பாரு" என்று ஊர் கூடி நிற்கக் கத்திவிட்டாள். கோபத்தில் வந்த பேச்சு. சாயங்காலத்துக்குள் அவளே மறந்துவிட்டாள். ரோஜா மறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. ரோஜாவின் மூன்று வயசுப் பெண் 'பெரிம்மா' என்று தாவி வந்தால்கூட உள்ளேயிருந்து ஓர் அதட்டல் வரும். கலையரசிக்குப் பிள்ளை இல்லை. அந்த அதட்டல் அவளுக்கு எங்கே போய்க் குத்தும் என்று சொல்லவும் வேண்டுமா?

அன்று காலையில், வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையோரப் புற்றில் காளான் பூத்திருந்தது. முந்தின நாள் இடித்த இடிக்கு அவள் எதிர்பார்த்ததுதான். ஒவ்வொன்றாகத் திருகி, புற்றுக்குள் ஆழமாக இறங்கும் வேரோடு பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ரோஜாவுக்குக் காளான் என்றால் உயிர். இதை வைத்துப் பேச்சை ஆரம்பித்துவிடலாம். ஆனால் இரண்டு வீட்டுக்குக் காணாது. சுற்றிப் பார்த்தாள். எருக்குழி ஓரப் புல்லில் பெரிய பெரிய குடையாகச் சில நின்றன. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. தனக்கு மட்டும் என்றால் அவற்றைத் தொட்டிருக்கவே மாட்டாள். கொடுக்கிற ஆசையில் பறித்துவிட்டாள்.

குழம்பில் பூண்டைத் தட்டிப் போட்டாள். விஷமென்றால் பூண்டு கறுத்துவிடும் என்பார்கள். கறுக்கவில்லை. அந்த ஒரு சாட்சி போதும் என்று நினைத்துக்கொண்டாள். கொதி அடங்கியதும், தன் வீட்டில் யார் வாயிலும் படுமுன்னே முதல் கரண்டியை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றாள்.

"புத்துக்காளான் ரோஜா. பாப்பாவுக்கும் குடு."

ரோஜா கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு, "எதுக்குக்கா உங்களுக்கு சிரமம்" என்றாள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள்! கலையரசிக்குக் கண் கலங்கிவிட்டது.

புருஷன் விருத்தாசலம் ஏதோ வேலையாக வல்லத்துக்குப் போயிருந்தான். அவன் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று அடுப்படியை ஒழிக்க ஆரம்பித்தாள். நறுக்காமல் விட்டுப்போன ஒரு காளான் தட்டில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்தாள். தட்டில் பச்சையாகப் பொடி படிந்திருந்தது. குடையின் உள்மடிப்பும் பச்சை ஓடியிருந்தது. காம்பைப் பார்த்தாள். நீள வேர் இல்லை, அடியில் உருண்டையாகப் புடைத்திருந்தது.

போன மழைக்காலத்தில், நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரையில் நர்ஸம்மா இதே பச்சையைத்தான் போனில் காட்டினாள். "பூண்டு, மஞ்சள், காசு எதுவும் வெஷத்தக் காட்டிக் குடுக்காது. சந்தேகமா இருந்தா தொடாதீங்க. தின்னுட்டா, வாந்தி வரட்டும்னு காத்துக்கினு இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மிச்சக் காளானையும் எடுத்துக்கினு போங்க." அன்றைக்குக் கலையரசி பின்வரிசையில் உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தாள்.

போய்ச் சொன்னால், வெஷம் வைப்பேன் என்றவள் வைத்தே விட்டாள் என்று தெரு சொல்லும். அந்த 'அக்கா' இன்றோடு சரி. சொல்லாவிட்டால்? பாப்பா. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. காளானை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவைப் பூட்டிவிட்டு ஓடினாள்.

ரோஜா வாசலில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டீங்களாடி?"

"சாப்ட்டோம்க்கா. நல்லா இருந்துச்சு. பாப்பா இன்னும் வேணும்னு கேட்டுச்சு." முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

இந்த வார்த்தைக்குத்தான் கலையரசி இரண்டு வருஷமாக ஏங்கினாள். இப்போது அதைக் கேட்டு அலறினாள். "ஐயோ, அதுல வெஷக்காளான் கலந்துட்டுதுடி! பாப்பாவத் தூக்கு, ஜல்தி கெளம்பு, ஆட்டோவக் கூப்புடு, விழுப்புரத்துக்குப் போயிடலாம்!"

ரோஜா அசையவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும் சாப்புடலக்கா. நீங்க அந்தாண்ட போனதும் குப்பையில கொட்டிட்டேன். உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் சாப்ட்டோம்னு சொன்னேன். நீங்க அன்னிக்கு சொன்னது நெனப்பு வந்துடுச்சு."

கலையரசி படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். பிழைத்தார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான், இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவளை நம்பாததால்தான் அந்தக் குழந்தை உள்ளே ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

அலறலுக்குத் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ரோஜா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"உங்க வூட்டுல சாப்ட்டீங்களாக்கா?"

முதல் கரண்டி உனக்கென்றுதானே எடுத்தேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. இத்தனை காலம் கேட்காமலே பேசிய அந்த வாய்க்கு அன்றைக்குப் பேச வரவில்லை.

"இல்ல" என்றாள்.

ரோஜா கழுவிய கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். பிறகு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.