ஒரே செல்ஃப்

பிக்கப்பை விற்க ஜெகநாதன் ஒப்புக்கொண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. இதற்குள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேரையும் அவரே அனுப்பிவிட்டார்.

முதலில் வந்தவர் சேத்துப்பட்டுக்காரர். கதவைத் திறக்கும் முன்பே, "லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில், பெண் எத்தனை இட்லி சாப்பிடுவாள் என்று கேட்டது போல இருந்தது ஜெகநாதனுக்கு. வண்டி விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது ஆள் செருப்புக் காலால் டயரை உதைத்துப் பார்த்தான். அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஒருத்தன் கேட்டது தப்பு, ஒருத்தன் ஒதைச்சது தப்பு," என்றாள் அவர் மனைவி திலகவதி. "மூணாவது ஆளு வந்து தும்முவான். அதுவும் தப்புன்னு சொல்லுவீங்க."

விற்கச் சொன்னவள் அவள்தான். அவளைச் சொல்ல வைத்தது அவருடைய இடது முழங்கால். இருபது வருடம் தறிக்குழியில் உட்கார்ந்து மிதித்த கால். அதன்பின் ஏழு வருடம் கிளட்ச் மிதித்த கால். வேலூர் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன வண்டி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஜெகநாதன் சந்தோஷமாக வண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மாடல், சிலிண்டர், இழுவை எல்லாம் சொன்னார். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, "இனிமே அத மிதிக்காதீங்க," என்றார். பஜாரில் ஒரு நூல்கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குத் திலகவதி சொல்லி வைத்தாள். தை மாதம் சேர வேண்டும்.

வண்டி தொண்ணூற்று நாலு மாடல். நாலு சிலிண்டர் டீசல். செங்கல் சூளைக்காரர் ஒருவரிடமிருந்து தொண்ணூற்று ஆறில் வாங்கியது. அதுவரை ஜெகநாதன் சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஒருநாள் முள்ளிப்பட்டுக்கு ஒரு தறியைக் கொண்டுபோக வாடகைக்கு ஒரு பிக்கப் பிடித்தார்கள். அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தின நாள் மழை. ஏரிக்கரை ஏற்றத்தில் சேறு. தறிக்கட்டை, அச்சுமரம், மூன்று ஆள், எல்லாவற்றோடும் வண்டி முதல் கியரில் ஏறியது. அவசரப்படவில்லை. கத்தவில்லை. கால்களுக்குக் கீழே ஒரு நிதானமான அதிர்வு, அவ்வளவுதான். மேலே போய்ச் சேர்ந்ததும் டிரைவர் பீடி பற்றவைத்தார். ஜெகநாதன் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடமே தறியை மைத்துனருக்கு விட்டுவிட்டு வண்டி வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் ரோட்டு டீக்கடை முன்னால் நாலைந்து பிக்கப்காரர்கள் சேர்வார்கள். பானெட்டைத் திறந்துவைத்து, டீ குடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவர், "கேளு," என்பார். எல்லோரும் கேட்பார்கள். ஒருமுறை திலகவதி அந்த வழியாகப் போனாள். எதற்கு அப்படி நின்றீர்கள் என்று வீட்டில் கேட்டாள். "சத்தம் நல்லா இருந்துச்சு," என்றார்.

ஆனால் அவர்கள் தெருவில் அந்தச் சத்தம் காலையில் கேட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது.

அது ஆரணியில் ஒரு நெசவுத் தெரு. விடிந்ததும் தெருவின் ஒரு ஓரம் முழுக்க, தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டுவார்கள். கஞ்சி போட்டு, நூலை நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். ஈரப் பாவில் எது பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். வண்டி வாங்கிய முதல் வாரம், ஜெகநாதன் காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருகினார். முதல் புகை, எதிர்வீட்டுப் பரசுராமனின் சந்தன நிறப் பாவின் மேல் போய் உட்கார்ந்தது. அந்தப் பாவுக்கு அரக்கு நிறத்தில் மறுபடி சாயம் ஏற்ற வேண்டியதாயிற்று. பரசுராமன் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியின் பின்னால் நின்றான்.

"நியூட்ரல்ல போடுண்ணா. ரோடு வரைக்கும் தள்றோம். அங்க போயி இன்னா புகை வேணாலும் உடு."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இன்ஜின் தூங்கிக்கொண்டிருக்க, வண்டி பாவுகளின் ஓரமாக மெதுவாக உருண்டு ரோட்டுக்குப் போகும். அங்கே போய் எழுந்துகொள்ளும்.

மூன்றாவதாக வண்டி கேட்டவர் கண்ணமங்கலத்துக்காரர். மாணிக்கவேல் என்று பெயர். மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. டீக்கடையில் சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் ஆறு மணிக்கு வருவதாகவும், அதற்கு முன் வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்றும், இன்ஜின் குளிர்ந்து கிடக்க வேண்டும் என்றும் சேதி வந்தது.

ஜெகநாதனுக்குப் புரிந்துவிட்டது. இது விஷயம் தெரிந்த ஆள். சூடான டீசல் இன்ஜின் யார் தொட்டாலும் எழும். அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று குளிரில்தான் தெரியும். இப்படிப்பட்ட ஆளிடம் வண்டி இல்லையென்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காது.

அன்று சாயங்காலம் திலகவதி எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அவரு இன்னா கேட்டாலும் ஆமா, இல்ல. அவ்ளோதான் பேசணும்."

"வண்டியப் பத்திக் கேட்டா?"

"ஆமா, இல்ல."

"ஒருவேள அவரு..."

"சத்தியம் பண்ணுங்க."

"ஆமா," என்றார்.

காலை முதல் பஸ்ஸில் மாணிக்கவேல் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. வணக்கம் சொன்னார். பெயின்டைப் பார்க்கவில்லை. டயரைப் பார்க்கவில்லை. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குந்தி, இன்ஜினுக்கு நேர் கீழே தரையைப் பார்த்தார். எண்ணெய்த் திட்டு எதுவும் இல்லை. எழுந்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பது போல் வைத்துக்கொண்டிருந்தார். சில்லென்று இருந்திருக்கும். தலையாட்டினார்.

ஜெகநாதனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது எதிர்வீட்டிலிருந்து பரசுராமன் வந்தான். பின்னாலேயே மூன்று பேர். எல்லோர் கையிலும் கஞ்சி ஈரம். ஆறு மணி ஆகிவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. நாலு பேரும் வண்டியின் பின்கதவில் கைவைத்தார்கள்.

"ஏறிக் குந்துண்ணா. ஜல்தி. பாவு காயறதுக்குள்ள வரணும்."

மாணிக்கவேல் அவர்களைப் பார்த்தார். "இன்னாப்பா இது?"

"தள்றதுக்குங்க."

"தெனமுமா?"

பரசுராமன் நெஞ்சை நிமிர்த்தினான். வண்டி வாங்க வந்தவரிடம் தெருவைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "தெனமும் நாங்கதாங்க. ஏழு வருசமா. நாங்க இல்லன்னா இந்த வண்டி இங்கேர்ந்து நவுராது."

மாணிக்கவேல் ஜெகநாதன் பக்கம் திரும்பினார். "நெசங்களா?"

ஜெகநாதன் வாயைத் திறந்தார். வாசற்படியில் திலகவதி நின்றாள்.

"ஆமா," என்றார்.

"தெனமும் காலைல தள்ளித்தான் எடுக்கறீங்களா?"

"ஆமா."

மாணிக்கவேல் பானெட் மேலிருந்து கையை எடுத்தார். "பேட்டரின்னா மாத்திக்கலாம். கம்ப்ரஷன் போன இன்ஜின வச்சிகினு நான் இன்னாங்க பண்றது? பேஜார் புடிச்ச வேல." ஜெகநாதனின் தோளைத் தொட்டார். "வேற ஆளா இருந்தா சொல்லி வச்சி, சூடு பண்ணி, என் தலைல கட்டியிருப்பான். நீங்க மறைக்கல. அதுக்கு சந்தோசம்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

வண்டி மிஞ்சிவிட்டது. ஜெகநாதன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சத்தியத்தையும் மீறவில்லை. வந்தவரை அவர் அனுப்பவில்லை, அவராகவே போகிறார். இதற்கு யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் திலகவதியைப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் திரும்பி வந்துவிடுவார். அவள் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"போனா போறாரு," என்றாள். குரல் சாதுவாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் பத்து எட்டு நீடித்தது. மாணிக்கவேல் வைத்த பத்து எட்டு. பதினோராவது எட்டில் ஜெகநாதனுக்கு மனதில் கண்ணமங்கலம் பஸ் தெரிந்தது. அதில் இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர் கேட்கிறார், ஆரணியில் வண்டி பார்க்கப் போனீங்களே, இன்னா ஆச்சு? இவர் சொல்கிறார், அதா, அது தள்ளு வண்டி.

"நில்லுங்க!"

தெருவே திரும்பியது. பாவு நீவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"இன்னாங்க," என்றாள் திலகவதி.

"ஆமா, இல்லன்னு இதுக்குச் சொல்ல முடியாதுடீ," என்று சொல்லிவிட்டு ஜெகநாதன் நொண்டிக்கொண்டே ஓடினார். மூச்சு வாங்க மாணிக்கவேல் எதிரில் போய் நின்றார். "தள்ளு வண்டின்னு நெனச்சிகினு போறீங்களா?"

"நான் நெனைக்கலங்க. உங்க ஆளுங்கதான் சொன்னாங்க."

"புகை பட்டா பாவு கெட்டுப்போயிடும். அதுக்குத் தள்றாங்க. இந்த ஏழு வருசத்துல வண்டி நின்னுபோயி ஒரு தபா தள்ளினதில்ல. தோ, ரோட்டுக்கு வாங்க. ஒரே செல்ஃப். ரெண்டாவது தபா செல்ஃப் அடிச்சேன்னா, வண்டிய சும்மாவே எடுத்துகினு போங்க."

திலகவதி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மாணிக்கவேல் அப்போதுதான் பாவுகளைப் பார்த்தார். தெரு நெடுக வாடாமல்லி நிறம் ஒன்றும் மயில்கழுத்து நிறம் ஒன்றும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து பரசுராமன் பக்கத்தில் அவரும் பின்கதவில் கைவைத்தார்.

"நீ மொதல்லயே இத சொல்றதுக்கு இன்னாப்பா?"

"நீங்க கேக்கலயேங்க," என்றான் பரசுராமன்.

தள்ளினார்கள். பாதித் தெருவில் மாணிக்கவேல், "பிரேக்கு எங்கயும் புடிக்கல. நல்லா உருளுது," என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜெகநாதனுக்கு அது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டில் நிறுத்தி, சாவியைப் பாதி திருகினார். ஹீட்டர் விளக்கு ஆரஞ்சாக எரிந்தது. நல்ல பனி. எப்போதையும்விட இரண்டு மூச்சு கூடுதலாகப் பொறுத்தார். விளக்கு அணைந்தது. முழுதும் திருகினார்.

எடுத்துக்கொண்டது.

ஒரு கரும்புகை விட்டது. அப்புறம் வெள்ளையாக ஒரு இழை. அப்புறம் அதுவும் இல்லை. வண்டி தன் உடம்பை ஒருமுறை உலுக்கிக்கொண்டு நிதானத்துக்கு வந்தது. தட்டுத் தட்டாக, ஒரே அளவாக, எங்கும் தடுமாறாத சத்தம். மாணிக்கவேல் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அது போகும்வரை பொறுத்திருந்து மறுபடி காது கொடுத்தார்.

"டீசல் பம்ப்ப யாரு பாத்தாங்க?"

"யாரையும் கைவெக்க உடல."

"விக்க மனசு இல்ல போல கீதே உங்களுக்கு."

"இல்லங்க."

"அப்பறம் ஏன் கூப்டீங்க? நான்தான் போயிகினு இருந்தேனே."

"தப்பா நெனச்சிகினு போயிகினு இருந்தீங்க," என்றார் ஜெகநாதன்.

மாணிக்கவேல் சிரித்தார். ஜெகநாதனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டிப் பாருங்க," என்றார்.

மாணிக்கவேல் ஏறும் முன் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்தார். வெறுங்காலைக் கிளட்ச் மேல் வைத்து, உடனே அழுத்தாமல், அதிர்வைப் பார்த்தார். ஜெகநாதன் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார். சொந்த வண்டியில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடி வேறு மாதிரி இருந்தது. ரோடுகூட வேறு மாதிரி இருந்தது.

கண்ணமங்கலம் பக்கம் போனார்கள்.

"மூணாவது கியர்ல கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார் ஜெகநாதன்.

"தெரியுது. அவசரப்பட்டா உள்ள உடாது. மரியாத கேக்குது." ஒரு ஏற்றம் வந்தது. மாணிக்கவேல் கியரைக் குறைக்கவில்லை. வண்டி அதே சத்தத்தில் ஏறியது. மேலே போனதும், "நான் எடுத்துக்கறேங்க," என்றார். "மணிலா மூட்டதான் ஏத்துவேன். மண்ணு, கல்லு ஏத்த மாட்டேன்."

"மண்ணு கொஞ்சம் ஏத்தலாம். தாங்கும்."

"தாங்கும். ஏன் ஏத்தணும்?"

ஜெகநாதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "திலகவதிகிட்ட வெல பேசிக்குங்க," என்றார். "நான் ஆமா, இல்லதான் சொல்லணும்."

திரும்பும்போதுதான் மாணிக்கவேல் கவனித்தார். ஒவ்வொரு கியருக்கும் பக்கத்தில் இருப்பவரின் இடது கால், ஒன்றும் இல்லாத தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஜெகநாதனுக்கே அது தெரிந்ததாகத் தெரியவில்லை. எதிரே ஒரு மாட்டு வண்டி. வேகம் குறைந்து, தாண்டி, மறுபடி எடுத்தார்கள். மாணிக்கவேல் கியர் கம்பி மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஜெகநாதன் மிதித்தார். மாணிக்கவேலும் மிதித்தார். மூன்றாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.