மயில்துத்தத்துக்குள் இருந்த தண்ணீர்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப் போகிறேன். எந்த அண்ணியும் செய்யாத காரியம்தான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை அவளுக்கு. தடித்த கண்ணாடி போடுவதால் வீட்டில் அவள் பெயர் சோடாபுட்டி. அவள் புருஷன் மெக்கானிக். என் வீட்டுக்காரர் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறார், அதன் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது மெக்கானிக் அண்ணன்தான்.

போன வாரம் நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. படகு நிறைய ஜனம். இன்னொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "டீசல்ல தண்ணி இருக்கு மச்சான்" என்றார். என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். வாங்க, போங்க எல்லாம் காற்றில் போயிற்று.

"ஃபில்டரைக் கழுவுறப்போ நீதான் தண்ணிய விட்டிருப்பே! இனி இந்தக் கொட்டகைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!"

அத்தனை ஜனத்துக்கு எதிரில். மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் சோடாபுட்டி வந்தாள். "அவர் வர முடியாத இடத்துக்கு நான் மட்டும் எப்படி அண்ணி வருவேன்? இதுதான் கடைசி." "ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துடறேன்" என்றாள்.

மறுநாள் படகுக் கொட்டகையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பீங்கான் கிண்ணத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த மயில்துத்தக் கட்டிகளை, அதுதான் காப்பர் சல்பேட், போட்டாள். நீலம் என்றால் அப்படியொரு நீலம். சூடு ஏற ஏற ஆவி கிளம்பியது. நீலம் வெளுத்து, கடைசியில் வெள்ளை மாவாக உதிர்ந்தது.

"காஞ்ச கல்லாத்தானேடி இருந்தது? ஆவி எங்கேருந்து வருது?"

"கல்லுக்குள்ளயே தண்ணி கட்டுண்டு கிடக்கு அண்ணி. அது இருக்கிற வரைக்கும்தான் நீலம். இப்போ போயிடுச்சு. துளி தண்ணி கிடைச்சாலும் பிடிச்சுக்கிட்டு மறுபடி நீலமாயிடும்."

டேங்கின் அடியிலிருந்து எடுத்த டீசலை, தனியாக எடுத்துவைத்த கொஞ்சம் மாவில் விட்டாள். பளிச்சென்று நீலம். பங்க்கில் அப்போதுதான் வாங்கிய டீசலை வேறு மாவில் விட்டாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எனக்குக் கை தட்டத் தோன்றியது.

"பார்த்தியா! பங்க் டீசல் சுத்தம். அப்போ உன் புருஷன் வேலைதான்" என்றார் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த இவர். சோடாபுட்டி முகம் சுண்டிப்போயிற்று. மிச்ச மாவைக் கிண்ணத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் இவர் ஆளனுப்பி அவளை வரவழைத்தார். ஒரே கொண்டாட்டம். "உன் மாவு புளுகுமூட்டை! யாரும் தொடவேயில்ல, தானா நீலமாயிருக்கு!"

சோடாபுட்டி கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு நாளாகியிருந்தது.

"அண்ணா, யாரும் தண்ணி விடல. இந்தக் கொட்டகைக் காத்துல இருக்கிற ஈரத்தையே குடிச்சிருக்கு. ராத்திரி உன் டேங்க்ல டீசல் எவ்வளவு இருக்கும்?"

இவர் டேங்கைத் திரும்பிப் பார்த்தார். திருட்டுக்குப் பயந்து ராத்திரியில் டேங்கைக் கால்வாசிக்கு மேல் வைக்கவே மாட்டார். அது ஊரறிந்த கஞ்சத்தனம். மிச்ச முக்கால்வாசியில் இருந்தது இதே காற்றுதான்.

"ராத்திரி குளிர்ல அந்த ஈரம் டேங்குக்குள்ள வேர்த்து அடியில இறங்கியிருக்கு" என்றாள். குரலை உயர்த்தவில்லை, குத்திக்காட்டவில்லை. நானாக இருந்தால் ஆட்டமே போட்டிருப்பேன். இதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கிறது.

அன்று இரவு இவர் டேங்கை வழிய வழிய நிரப்பினார். விடிந்ததும் மெக்கானிக் அண்ணனைக் கையோடு கூட்டிவந்து, வரிசையில் நின்ற ஜனத்துக்கு எதிரில் சொன்னார்:

"தப்பு என் மேலதான் மாப்பிள்ளை. நீங்க ஏறினாத்தான் படகு கிளம்பும்."

மெக்கானிக் அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "நிறைஞ்சிருக்கு மச்சான்" என்று ஏறி உட்கார்ந்தார்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இத்தனை வருஷமாக நான் காய்ந்த கல் என்று நினைத்துக் குடித்தனம் நடத்திய மனுஷரும் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.