உள்பக்கம் பார்த்த பலகை

புதியவர்களை வரவேற்கத் தேவாலயம் ஏற்பாடு செய்த முதல் தேநீர் வேளைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே செத்துப்போனவர்கள். பிஸ்கட் பற்றாமல் போனதற்கு அதுதான் காரணம். குற்றம் தச்சருடையது. "இங்கே யாரையும் தெரியாதா? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேநீருக்கு வாருங்கள்" என்று எழுதிய பலகையைத் தெருவைப் பார்த்து மாட்டச் சொன்னால், மனிதர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். அங்கே இருப்பவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், படித்தார்கள், வந்தார்கள். மழையே இல்லாத மாதத்தில் அவர்கள் காலணிகளில் ஈர மண் ஒட்டியிருந்தது. குடித்துக்கொண்டே இருந்தார்கள், கோப்பையில் தேநீர் குறையவில்லை. போதகர் முதலில் வெலவெலத்துப் போனார். பிறகு, வந்தவர்களை நிற்கவைப்பது அழகல்ல என்று கூடுதல் நாற்காலி போடச் சொன்னார்.

வரவேற்புக் குழுவுக்குத் தலைவி ஒரு தையல்காரி. புருஷனைப் பறிகொடுத்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவளை, நாலு பேரோடு பழகட்டும் என்று போதகர்தான் இழுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அந்தப் புருஷனே வந்து வரிசையில் நின்றார். பஸ் ஓட்டியவர், நெஞ்சுவலியில் போனவர். அடக்கத்தின்போது போட்டுவிட்ட அதே வெள்ளைச் சட்டை. அழுது வீங்கிய கண்ணோடு அவள் தைத்ததில் மேல் பொத்தானுக்கு மட்டும் கறுப்பு நூல். அவள் தட்டோடு ஓடி அவர் முன்னால் போய் நின்றாள். அவரோ முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்து, "சர்க்கரை எங்கங்க இருக்கு?" என்றார். செத்தவர்களுக்கு யாரையும் தெரிவதில்லை. அதனால்தானே அந்தப் பலகை அவர்களை இழுத்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே குறி, அவருக்குத் தன்னை ஞாபகம் வர வேண்டும். பாட்டு நேரம் வைத்து, அவர் குளிக்கும்போது பாடுகிற பாட்டாகப் பார்த்துச் சேர்த்தாள். தாளம் மட்டும் போட்டார். நாற்காலி விளையாட்டு வைத்தாள். செத்தவர்களுக்கு அவசரமே இல்லாததால் உயிரோடு இருந்தவர்களே ஜெயித்தார்கள். கடைசியில் வேன் பிடித்து, அவர் காலமெல்லாம் பஸ் ஓட்டிய பாதையிலேயே எல்லோரையும் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனாள். ஒவ்வொரு நிறுத்தம் வந்தபோதும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத்தான் தெரியவில்லை.

குழுவின் பொருளாளர் ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார். "அக்கா, உயிரோட இருக்கிற புது ஆளுங்க தெருவோட போயிடறாங்க. பலகையைத் திருப்பிட்டா இவங்க தானா நின்னுடுவாங்க." நியாயமான பேச்சு. வருகிற ஞாயிறு திருப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறு அவள் பாட்டும் வைக்கவில்லை, விளையாட்டும் வைக்கவில்லை. இனி அவரைப் பார்க்கவே முடியாது என்ற நினைப்பில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பக்கத்தில் ஈர மண் வாடை அடித்தது.

"இங்க யாரையும் தெரியாதா?" என்றார் அவர். "எனக்கும் அப்படித்தாங்க. வாங்க, டீ குடிக்கலாம்."

பிறகு பேச்சை வளர்க்கத் தெரியாமல் மேல் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். "யாரோ நூல்கூடப் பாக்காம தச்சிருக்காங்க. ஆனா மனசு வச்சுத் தச்சிருக்காங்க. மத்ததெல்லாம் இத்துப்போச்சு, இது ஒண்ணு மட்டும் விடல."

நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பாவம், சங்கடப்பட்டு எழுந்து போய்விடுவார்.

"ஆமாங்க," என்றாள். "நான் இங்க புதுசு."

வெளியே ஏணியோடு வந்த தச்சரிடம், பலகையைத் தொட வேண்டாம், அதன் முதுகிலும் அதையே எழுதினால் போதும் என்று அவளே போய்ச் சொன்னாள். பொருளாளரே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு தம்பி அந்தத் தோட்டத்தில் இருந்தான். இப்போது இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பிஸ்கட் கூடுதலாக வாங்குகிறார்கள், தரையைக் கழுவ ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள். பஸ் ஓட்டுநருக்குப் போன ஞாயிறு ஞாபகம் இருப்பதில்லை. ஓரத்து நாற்காலியில் இருக்கும் பெண்ணிடம் வந்து, புதுசா என்று கேட்கிறார். அவளும் ஆமாம் என்று சொல்லி, நகர்ந்து இடம் கொடுக்கிறாள்.