ஜமேதார் உட்கார்ந்திருக்கும் இடம்

1924 பிப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, வேலூர்க் கோட்டைக்கு எதிர்த்த மைதானத்தில் ஜமேதார் என்ற நாய் உட்கார்ந்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மைதானத்து வேலியை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். முனிசிபாலிட்டிக்குப் புதுச் சேர்மன்கள் வந்து போனார்கள். கடலை எண்ணெய் விலை ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறியது. நாயின் நிழல் மட்டும் அன்று விழுந்தபடியே மேற்கே சாய்ந்து கிடக்கிறது. சாயங்காலமும் அப்படித்தான், அமாவாசை இரவிலும் அப்படித்தான்.

அது ஆம்பூரில் முக்தார் அகமதுவின் தோல் பதனிடும் கொட்டகையில், ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பின்னால் பிறந்தது. நான்கு கால்களும் வெள்ளை என்பதால் அதன் தகப்பன் தோல் வாங்க வரும் ஏஜெண்டு துரையின் நாய்தான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். கொட்டகை நாய்கள் தோலில் இருந்து சீவிப் போடும் சவ்வைத் தின்று கொழுத்துத் தூங்கும். அவற்றுக்கு எதையும் கற்றுத்தர யாருக்கும் தோன்றியதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த பச்சையப்பன் ஒருநாள் அந்தக் குட்டியின் முன்னங்கால் மேல் ஒரு துண்டுச் சவ்வை வைத்தான். "இரு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போனான். வேலை முடிந்து வந்தபோது சவ்வும் இருந்தது, குட்டியும் இருந்தது. அவன் அதை அடித்ததில்லை, கயிற்றில் கட்டியதுமில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டு யாரும் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார்கள், அது ஆகாது. வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். நாயிடமும் அவன் அப்படியே சொன்னான். நாய் அதை ஓர் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டது. இருப்பது அதன் வேலை, வருவது அவன் வேலை. நான்கு வருஷத்தில் இரண்டு பேரும் ஒருமுறைகூடத் தவறவில்லை.

முக்தார் அகமதுவுக்கு நாய் ஆகாது. அது பக்கத்தில் வந்தால் ஜிப்பாவின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஆனால் ஏஜெண்டு துரை நாயைத் தவிர வேறு பேச்சுப் பேசுவதில்லை. வேலூரில் நாய்க் காட்சி நடத்தப்போவதாகவும், அழகுக்கு ஒரு பரிசு, கீழ்ப்படிதலுக்கு ஒரு பரிசு என்றும் துரை சொன்னபோது, அழகைப் பற்றி முக்தார் அகமது யோசிக்கவில்லை. பச்சையப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பச்சையப்பா, அந்த வெள்ளிக் கப்பு நம்ப கிட்ட வரணும். வந்துட்டா நீ சுண்ணாம்புத் தொட்டியிலேந்து வெளிய. கிடங்குக்குக் காவல். வூடும் குடுத்துடறேன்."

"நாய் உக்காரும் சாயபு. துரைங்க எதுர்ல நான் நிக்கறதுதான் கஷ்டம்."

"நின்னுக்கோ. வாயைத் தொறக்காதே, போதும்."

சுண்ணாம்புத் தொட்டி அவன் கால் விரல்களுக்கு நடுவில் தோலை விட்டு வைக்கவில்லை. அவன் தகப்பன் முழங்கால் வரைக்கும் புண்ணாகிச் செத்தவன். அதோடு அவன் மனைவி கமலம், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, அப்போது நிறைமாதமாக இருந்தாள். தகப்பனின் கையில் சுண்ணாம்பு இருந்தால் குழந்தையைத் தூக்க முடியாது. பச்சையப்பனுக்கு வேறு கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

போட்டி நாளன்று விடியுமுன் கமலம் நாயைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினாள். கழுத்துப் பட்டைக்கு விளக்கெண்ணெய் பூசினாள். பூசும்போது இடுப்பில் வலி ஒன்று பிடித்து விட்டது. கட்டை விரலைப் பட்டையில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இன்னிக்கு வேணாமே. இடுப்பு ஒரு மாதிரியா இருக்குது."

"இன்னும் பத்து நாள் இருக்குன்னு மருத்துவச்சி சொல்லிச்சே."

"வயித்துல இருக்கறதுக்கு நாள் கெழமை தெரியுமா இன்னா?"

"இரு கமலம், வந்துடறேன்."

"அதுக்காச்சும் ஒரு வாய் தண்ணி ஊத்துய்யா. ராத்திரியிலேந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கினு இருக்குது."

"ஜெயிச்சப்புறம்" என்றான். நாயைப் பழக்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தண்ணீர் குடித்த நாய் நெடுநேரம் உட்காராது, காலைத் தூக்க எழுந்துவிடும். பைக்குள் ஒரு சொம்பை வைத்துக்கொண்டான். ஜமேதாரோடு காட்பாடிக்கு ரயில் ஏறினான்.

மைதானத்தில் கொடி கட்டியிருந்தார்கள். துரைசாணிகள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். கூடவே நடப்பது, எறிந்ததை எடுத்து வருவது, இறைச்சித் தட்டைத் தாண்டிப் போவது என்று ஒவ்வொன்றாக நடந்தது. இறைச்சித் தட்டில் பாதி நாய்கள் விழுந்தன. சவ்வுக் குவியலுக்கு நடுவில் வளர்ந்த ஜமேதார் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியாக உட்காரும் போட்டி. நாய்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, பழக்கியவர்கள் ஒரு படுதாவுக்குப் பின்னால் போய் மறைந்துகொள்ள வேண்டும். கடைசி வரை எழாத நாய்க்குக் கப்பு. பச்சையப்பன் குனிந்து, "இரு, வர்றேன்" என்றான்.

படுதாவுக்குப் பின்னால் பட்லர்களும் குதிரைக்காரர்களும் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா தோஸ்த், தோல் கொட்டாய் நாயா? உக்காந்தா உரிச்சிடுவாங்கன்னு பயந்து ஓடாதா?" என்றான் ஒரு பட்லர்.

பச்சையப்பன் படுதாவின் ஓட்டை வழியாகப் பார்த்தான். "ஓடறது உங்க துரைசாணி வளத்த நாய். கோட்டை அகழியாண்ட போவுது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஆம்பூரில் இருந்து அடுத்த ரயிலைப் பிடித்து சம்பத் வந்து சேர்ந்தான். சுண்ணாம்புத் தொட்டியில் கூட வேலை பார்ப்பவன். "பச்சை, நீ கெளம்பின உடனே வலி எடுத்துக்கிச்சு. கொழந்த குறுக்கால இருக்குதாம். செல்லம்மா உன்னைக் கையோட இட்டாரச் சொல்லிச்சு" என்றான். செல்லம்மாள் கமலத்தின் அக்காள்.

படுதாவுக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாய் எழுந்து கூட வந்திருக்கும். கப்பு போயிருக்கும். பச்சையப்பன் நாயின் கண்ணில் படாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடினான். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தான். காட்பாடியில் ரயில் தாமதம். பதினோரு மணிக்குக் குழந்தை பிறந்தது. உச்சி வேளையில் கமலம் இறந்தாள். அவன் தெருமுனைக்கு வரும்போதே பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அன்று காலை அவன் இரண்டு பேரிடம் இரு என்று சொல்லியிருந்தான். ஒன்று கேட்டது.

மைதானத்தில் ஜமேதார் ஜெயித்தது. மற்ற நாய்கள் எல்லாம் எழுந்து, கூட்டம் கலைந்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிய பிறகும் அது எழவில்லை. துரை தன் பாஷையில் கூப்பிட்டார். முக்தார் அகமது எட்ட நின்று கூப்பிட்டார். எட்டு ஆட்கள் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். நாய் கனக்கவில்லை, தரை கூடவே வருவது மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனார்கள். கப்பு ஆம்பூருக்குப் போனது. முக்தார் அகமது சொன்ன சொல் தவறவில்லை. பச்சையப்பனுக்குக் கிடங்குக் காவலும் கிடைத்தது, இரண்டு அறை வீடும் கிடைத்தது. அதில் அவன் தனியாகக் குடியேறினான். பெண் குழந்தையைச் செல்லம்மாள் எடுத்துக்கொண்டாள். அமிர்தவள்ளி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

கருமாதி முடிந்த பிறகு அவன் நாயைக் கூட்டிவர வேலூருக்குப் போனான். சாயங்காலம். நாய் அவனைப் பார்த்ததும் வாலை ஒருமுறை தரையில் தட்டியது. வா என்று சொல்ல வாயைத் திறந்தவன், அதன் நிழலைப் பார்த்தான். தன் நிழல் கிழக்கே நீண்டிருக்க, அதன் நிழல் மேற்கே கிடந்தது. கையை நீட்டினான். நாயைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவு வட்டத்தில் காலை வெயில் இருந்தது. சீயக்காய் வாசனை இருந்தது. கழுத்துப் பட்டையில் எண்ணெய் காயவில்லை. அதில் கமலத்தின் கட்டை விரல் ரேகை, அழுத்திய இடத்தில், பளபளவென்று இருந்தது. அந்த இடத்தில் மணி இன்னும் பத்தேகால். பத்தேகாலுக்குக் கமலம் உயிரோடு இருந்தாள். நாய் எழுந்தால் மணி நகரும். நகர்ந்தால் பதினொன்று ஆகும், பிறகு உச்சி வேளை வரும். பச்சையப்பன் வாயை மூடிக்கொண்டான். சொம்பில் தண்ணீர் எடுத்து நாயின் முன்னால் வைத்தான். அது தண்ணீரைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. சொல்லாமல் அது குடிக்காது. சொன்னால் எழுந்துவிடும். சொம்பை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தான். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள்.

வருஷங்கள் போயின. ஊர் பழகிக்கொண்டது. ஐப்பசி மழை நாயைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்கும், உள்ளே ஒரு சொட்டு விழாது. சித்திரையில் வேர்க்குரு வந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து பிப்ரவரிக் காற்றில் கொஞ்சம் உட்கார வைத்துவிட்டுத் தூக்கிப் போவார்கள். பட்டாளத்தார் அணிவகுத்து வரும்போது அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, தாண்டியதும் சேர்ந்துகொள்வார்கள். மார்க்கெட்டில் கடனைத் திருப்பாதவனிடம், "எப்ப தருவே, ஜமேதார் எழுந்தப்புறமா?" என்று கேட்பார்கள். நாய்க் காட்சி ஒவ்வொரு வருஷமும் நடந்தது. உட்காரும் போட்டியில் ஒவ்வொரு வருஷமும் ஜமேதார்தான் கடைசி வரை எழாத நாய் என்பதால் அதற்கே பரிசைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, மற்றவர்கள் முணுமுணுத்ததால், அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். துரை சீமைக்குப் போய்விட்டார். முக்தார் அகமது வீட்டில் கப்புகளை வைக்க ஓர் அலமாரி செய்தார்கள்.

பச்சையப்பன் சனிக்கிழமைதோறும் வந்தான். வட்டத்துக்குள் கையை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பான். தலை நரைத்தது. கை மட்டும் நரைக்கவில்லை. நாய் ஒவ்வொரு முறையும் வாலை ஒருமுறை தட்டும், நாக்கைத் தொங்கவிட்டபடி அவனைப் பார்க்கும். அதற்கு நாள் எதுவும் போகவில்லை, தாகமும் போகவில்லை. அது அவனுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. சில சனிக்கிழமைகளில் அவன் அதன் முகத்தைப் பார்க்காமல் பட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினான். குழந்தையைப் பார்க்கச் செல்லம்மாள் வீட்டுக்குப் பண்டிகைக்குத்தான் போவான். போனாலும் அதன் முகத்தையும் பார்க்காமல்தான் திரும்பினான்.

1935 சித்திரையில் ஒரு சனிக்கிழமை, செல்லம்மாள் அமிர்தவள்ளியைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"உன் பொண்ணு பெரியவளாயிட்டா. தாய்மாமன் இல்லாத வூடு, அப்பன் வந்து ஒக்காரணும்னு ஆள் அனுப்பினேன். வந்தியா நீ?"

"சனிக்கெழம செல்லம்மா."

"நாய்க்குக் காவல் இருக்கியே, நீ கூப்பிட்டா அது வராதா? கூப்ட்டேன் வரலைன்னு ஊர்ல சொல்லு. என்னாண்ட சொல்லாதே."

செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டாள். அமிர்தவள்ளி நின்றாள். கமலத்தின் நெற்றி, கமலத்தின் கழுத்து. குனிந்து வட்டத்துக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"ஜில்லுனு இருக்குது" என்றாள். பிறகு நாயின் நாக்கைப் பார்த்தாள். "இதுக்குத் தாகமா இருக்குது நைனா."

"ஆமா."

"பெரியம்மா சொல்றது நெசமா? நீ கூப்ட்டா எழுந்துக்குமா?"

"எழுந்துக்கும்."

"அப்ப கூப்பிடேன்."

பச்சையப்பன் பட்டையில் இருந்த விரல் ரேகையைக் காட்டினான். யார் கை என்று சொன்னான். உள்ளே மணி என்ன என்று சொன்னான். பதினோரு மணிக்கு என்ன, உச்சி வேளையில் என்ன என்றும் சொன்னான். தோல் விலை சொல்வது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னான். "இந்த எடத்துல மட்டும் உங்கம்மா இன்னும் இருக்கா. நான் வாயைத் தொறந்தா போயிடுவா."

அமிர்தவள்ளி அழவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. தன் கட்டை விரலை அந்த ரேகையின் பக்கத்தில், அதன் மேல் படாமல், கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். எண்ணெயின் வாசனை அவளுக்கு எட்டியிருக்க வேண்டும். பிறகு கையை வெளியே எடுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நாய் அவளைப் பார்க்கவில்லை. பச்சையப்பனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப இதுக்குள்ள நான் இன்னும் இல்லையா, நைனா?" என்று கேட்டாள்.