விசிறி போட்டால் குறையும் புகை

பாய்லர் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்று அளக்க வந்தவளின் மண்டையை ஒரே கேள்வி குடைந்தது. காலையில் தொண்ணூறு காட்டிய கருவி, மேசை விசிறி ஓடத் தொடங்கியபின் எண்பதுக்கு இறங்கியது எப்படி?

கருவிக்குப் புகையைக் கொண்டுவரும் குழாயைத் தொட்டாள். கை பொறுக்காத சூடு இருக்கவேண்டிய குழாய் ஆறிக் கிடந்தது. கழற்றி உதறினாள், புகையிலிருந்த நீராவி குளிர்ந்து தேங்கிய நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நீல லிட்மஸ் தாளில் தொட்டதும் தாள் சிவந்தது; அமிலம். காணாமல்போன வாயு அதில்தான் கரைந்திருந்தது.

"அண்ணே, குழாயைச் சூடாக்குற பிளக்கை யாரு பிடுங்கினது?"

பாய்லர்காரர் நெளிந்தார். "நான்தாம்மா. உனக்கு வேர்த்துக் கொட்டுச்சு, அதான் விசிறியைச் சொருகினேன்."

விசிறியைப் பிடுங்கிவிட்டுக் குழாயின் பிளக்கைத் திரும்பச் சொருகினாள். வியர்வையும் எண்ணும் சேர்ந்தே ஏறின.

"மேனேஜர்கிட்ட சொல்லிடாதம்மா," என்றார் அவர். "நாளைக்கே பத்து விசிறி வாங்கிப் போட்டுருவாரு!"