வடக்குச் சுவரில் அணைத்த பனி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரோண்டா கண் விழித்தபோது மூக்கு நுனி சில்லிட்டிருந்தது. சஸ்காட்சுவானில் ஜனவரி மாதம் வீட்டுக்குள் படுத்திருப்பவளுக்கு மூக்கு சில்லிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போர்வையை உதறிவிட்டு ஓடிப்போய்ச் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்தாள். இருபத்தொன்றில் வைத்திருந்தாள். பதினான்கு காட்டியது. வெளியே மைனஸ் முப்பத்தாறு.

"அடப்பாவி, இன்னிக்கா!" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

வேறு நாளாக இருந்தால் நாலு வசவு வைதுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு டெஸ்ஸா வருகிறாள். பெற்ற மகள்தான், ஆனால் பதினான்கு மாதமாக ஊரார் வீட்டில் வளர்கிறாள். காரணம் ரோண்டாவின் குடி. அதை அவள் யாரிடமும் மறைப்பதில்லை. குடியை விட்டாள், பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள், இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். இத்தனைக்கும் பிறகு முதல் தடவையாக மகள் ஒரே ஒரு ராத்திரி வந்து தங்க அனுமதி கிடைத்திருந்தது. குழந்தைகள் நல அலுவலகத்து பென்னர் அம்மாள் ரெஜைனாவிலிருந்து காரில் அழைத்து வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, மனசுக்குப் பிடித்தால் விட்டுப் போவார். இந்த ஒரு ராத்திரி ஒழுங்காகக் கழிந்தால் கோடைக்குள் மகள் கைக்கு வந்துவிடுவாள். வீடே விறைத்துக் கிடந்தால் யார்தான் பிள்ளையை விட்டுப் போவார்கள்?

நிலவறைக்கு இறங்கினாள். போன அக்டோபரில்தான் வீட்டின் சொந்தக்காரர், வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸைப் பெயர்த்துவிட்டுப் புதுசு வைத்தார். வைத்ததும் மெக்சிகோவுக்குப் பறந்துவிட்டார், பங்குனி வெயில் வரும்வரை மனிதர் திரும்ப மாட்டார். போனையும் எடுக்க மாட்டார். ரோண்டா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். தெர்மோஸ்டாட்டுக்குப் புது பேட்டரி போட்டாள். மின்பெட்டியில் சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். காற்று வடிகட்டியை உருவி உதறினாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஃபர்னஸை அணைத்துவிட்டு நூறு எண்ணி மறுபடி போட்டாள். உள்ளே ஒரு சின்ன விசிறி முனகிக்கொண்டு சுற்றியது, 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டியது.

"என்னடா சிமிட்டறே? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!" என்றாள் அதனிடம்.

மூன்று ஊருக்கும் சேர்த்து ஃபர்னஸ் பார்க்கிறவர் ஹார்வி ஒருவர்தான். போன் போட்டாள்.

"அம்மா, முப்பத்தாறு டிகிரிக் குளிர்ல உன் வீட்டு ஃபர்னஸ் மட்டுமா படுத்திருக்கு? எனக்கு முன்னாடி பதினோரு வீடு நிக்குது. ஒண்ணுல கைக்குழந்தை, ஒண்ணுல ஆக்சிஜன் வெச்ச கிழவர்."

"என் பொண்ணு வர்றாண்ணே. இன்னிக்கு வீடு சூடா இல்லேன்னா கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

"சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி சத்தியமா முடியாது. நடுவுல நேரம் கெடைச்சா கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. பக்கத்து வீட்டு நெஸ்டரிடம் ஓடினாள். எழுபத்தோரு வயது உக்ரேனியக் கிழவர், கோதுமை நிலத்தை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவந்தவர், வாய் சும்மா இருக்காது. மின் ஹீட்டர் ஒன்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"புது மெஷினா? அதான் கெட்டுது. எங்கப்பா போட்ட கரி அடுப்பு நாப்பது வருஷம் எரிஞ்சுது, ஒரு நாள் லீவு கேட்டதில்ல" என்றார்.

"மாமா, வியாக்கியானம் அப்புறம். முதல்ல இதைச் செருகுங்க."

"இரு, புகைக்கூண்டு அடைச்சிருக்கான்னு பார்த்துட்டு வரேன்." தெருவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பூட்ஸைத் தட்டினார். "கூண்டுல ஒரு பொட்டுப் பனி இல்ல. ஆனா வடக்குச் சுவத்துக்குப் பனி அணைச்சிருக்கே பாரு, பிரமாதம்! ஜன்னல் வரைக்கும்! இந்தக் காலத்துப் பசங்களுக்கு எங்க தெரியுது இதெல்லாம்? யாரு செஞ்சது?"

"நான்தான். நேத்து சாயங்காலம்" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உருளைக்கிழங்குச் செடிக்கு மண் அணைப்பதுபோல, குளிர்காலத்தில் வீட்டுச் சுவருக்குப் பனியை வாரி அணைத்து மண்வெட்டியால் தட்டி இறுக்கி வைப்பார் அவள் அப்பா. அந்தச் சமவெளிக் காற்று சுவரைத் தொடாது, உள்ளே கதகதப்பு நிற்கும். டெஸ்ஸாவுக்கு ஒதுக்கிய அறை வடக்குப் பக்கம். பிள்ளை குளிரில் சுருண்டு கிடக்கக் கூடாதே என்று முதுகு ஒடிய ஒடிய இரண்டு மணி நேரம் வாரிக் கொட்டியிருந்தாள்.

ஹீட்டரைச் செருகினார்கள். தன் பழைய ஹீட்டரையும் ரோண்டா செருகினாள். பத்து நிமிஷத்தில் இரண்டும் இழுத்த இழுப்பில் மின்பெட்டியில் சுவிட்ச் விழுந்துவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி விழுந்தது. கடைசியில் ஒரே ஒரு ஹீட்டர் டெஸ்ஸாவின் அறையில் முனகிக்கொண்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டுக்குப் பதினொரு டிகிரி, ஒன்றரைக்கு ஒன்பது. குழாய் உறைந்துவிடாமல் இருக்கத் தண்ணீரைச் சொட்ட விட்டாள். வேறு வழி தெரியாமல் சமையலறை அடுப்பின் ஓவன் கதவைத் திறந்து போட்டு முழுச் சூட்டில் வைத்தாள். தப்பு என்று தெரிந்துதான் வைத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

இரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார் வந்து நின்றது. பென்னர் அம்மாள் எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

டெஸ்ஸா பனி உடுப்போடு உள்ளே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். "அம்மா, உன் வாயிலேர்ந்து புகை வருது! வீட்டுக்குள்ளயே!" என்று சிரித்தாள். ரோண்டாவும் சிரித்தாள். அழுகைதான் சிரிப்பாக வந்தது.

பென்னர் கெட்ட மனுஷி இல்லை. அதுதான் பெரிய கஷ்டம், கெட்டவளாக இருந்தால் சண்டையாவது போடலாம். தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார், சொட்டும் குழாயைப் பார்த்தார், திறந்து கிடந்த ஓவன் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு அவரே குனிந்து அதை அணைத்தார்.

"ரோண்டா, எட்டு வயசுக் குழந்தை இருக்கிற வீட்டுல இப்படித் தெறந்து வைக்கலாமா?"

"மேடம், ஆறு மணிக்கு ஆள் வர்றார். அதுவரைக்கும் மட்டும் பொறுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ஆறு மணிக்குப் புயல் வருதாம், நெடுஞ்சாலையை மூடப் போறாங்க. ஆள் வரலேன்னா? வந்தும் சரியாகலேன்னா? இவளை நான் எங்க வெச்சுக் காப்பாத்தறது?"

கூடவே இருந்த நெஸ்டர் இடையில் புகுந்தார். "என் வீட்டுல விறகடுப்பு எரியுது அம்மா. தாயும் மகளும் அங்க படுக்கட்டும். எங்கிட்ட இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் வாய்தான்."

"உங்க வீட்டை நாங்க பார்த்துப் பதிவு பண்ணல ஐயா. எனக்கு அந்த அதிகாரம் இல்ல. நெஜமாவே இல்ல."

டெஸ்ஸா நாற்காலியில் உட்கார்ந்து, தனக்காகச் செய்து வைத்திருந்த பெரோகிக் கொழுக்கட்டையைக் கையுறை போட்ட கையாலேயே எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். உருளைக்கிழங்குப் பூரணம் ஆறிப்போயிருந்தது. "நல்லா இருக்கும்மா" என்றாள். மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, மகளைக் கார் வரை கூட்டிப் போய், பெல்ட்டை மாட்டி அனுப்பிவிட்டு வந்தாள் ரோண்டா. உள்ளே வந்து எத்தனை நேரம் நின்றாளோ தெரியாது. நெஸ்டர் ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஹார்வி.

"வண்டியிலதான் போய்க்கிட்டிருக்கேன். ஃபர்னஸ்ல ஒரு செவப்பு விளக்கு சிமிட்டுமே, எத்தனை தடவைன்னு எண்ணிச் சொல்லு."

அவள் இறங்கிப் போய் எண்ணினாள். "மூணு. அப்புறம் நிறுத்தி மறுபடியும் மூணு."

"அப்போ அதுக்கு மூச்சு முட்டுது. புதுசுக்கெல்லாம் கூரையில கூண்டு கெடையாது. சுவத்துலேர்ந்து ரெண்டு வெள்ளைக் குழாய் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும், முழங்கால் உயரத்துல. அது வழியாத்தான் காத்தை இழுக்கும், விடும். எந்தப் பக்கச் சுவத்துல இருக்குன்னு பாரு."

அந்தக் குழாய்களை அவள் பார்த்திருக்கிறாள். ஏதோ தண்ணீர் போகும் குழாய் என்று நினைத்து அதன் மேலேயேதான் வாரிக் கொட்டினாள்.

"ஹலோ? இருக்கியா?"

"வடக்குச் சுவர்" என்றாள். "நான் பனி அணைச்சு வெச்சிருக்கேன்."

ஹார்வி ஒரு பெரிய கெட்ட வார்த்தையை முழுங்கியது கேட்டது. "போய்த் தோண்டு. அதோட வாயையும் மூக்கையும் பொத்திட்டா எப்படி எரியும்? விஷப்புகை உள்ள வராம தானா அணைஞ்சுதே, அந்த மட்டுக்கும் சாமி உன் பக்கம் இருந்திருக்கு."

பனி இறுகிப்போயிருந்தது. அவ்வளவு நன்றாகத் தட்டி வைத்திருந்தாள். மண்வெட்டியால் வெட்டி, கடைசியில் கையால் பிறாண்டி, குழாய் வாயில் உறைந்திருந்த பனிக்கட்டியைத் திருப்புளியால் குத்தி எடுத்தாள். கால் மணி நேர வேலை. காலையிலிருந்து வீட்டுக்குள் தலைகீழாக நின்றதற்கு, வெளியே கால் மணி நேரம். நிலவறைக்குப் போய் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது, 'டிக்' என்றது, குபீரென்று நெருப்பு பிடித்தது. அவள் மேலே ஏறி வந்தபோது கூடத்துத் தரைத் துவாரங்களில் வெதுவெதுப்பான காற்று கிளம்பி வந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து, "நாசமாப் போறவளே, நாசமாப் போறவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு பென்னரைக் கூப்பிட்டாள். அவர் காரின் ஸ்பீக்கரில் எடுத்தார். பனிக்காற்று ஆரம்பித்துவிட்டது, மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார், பாதி தூரம் வந்தாயிற்று என்றார்.

"சூடு வந்துடுச்சு மேடம்."

"சந்தோஷம் ரோண்டா. என்ன கோளாறாம்?"

மெஷின் கோளாறு என்று சொல்லிவிட்டால் முடிந்தது, யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்பு அவள் அப்படிச் சொன்ன பொய்களுக்குக் கணக்கே கிடையாது.

"நான்தான் மேடம். அது மூச்சு விடற குழாய் மேல பனியைக் கொட்டி நானே அடைச்சுட்டேன். அவ ரூம் கதகதப்பா இருக்கணும்னு செஞ்சேன்."

"இதை நான் அறிக்கையில எழுதணும்" என்றார் பென்னர். குரல் இறங்கியிருந்தது.

"எழுதுங்க."

"குழந்தை இருக்கிற வீட்டுல விஷப்புகை அபாயம்னுதான் அதுக்குப் பேரு. மறுபடி எல்லாரும் கூடித்தான் பேசணும். ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ ஆகலாம்."

பின்சீட்டிலிருந்து டெஸ்ஸாவின் குரல் வந்தது. "அம்மா! இப்போ வீடு சூடா இருக்கா?"

"இருக்குடா கண்ணு. நல்லா இருக்கு."

"பென்னர் ஆன்ட்டி, சூடா இருக்காம்! அப்போ திரும்பிப் போலாமா?"

கார் போய்க்கொண்டே இருந்தது.

"ஆன்ட்டி, போலாமா?" என்று பிள்ளை மறுபடியும் கேட்டாள்.