பூ வராத பொட்டலம்

1992ஆம் வருஷம் மாசி மாதத்திலிருந்து வேலங்காட்டுப்புதூர் மாகாளியம்மன் கோயிலில் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பூ இருப்பதில்லை. கிணத்துக்கடவிலிருந்து மேற்கே போகிற டவுன்பஸ் கடைசியாக நின்று திரும்புகிற ஊர் அது. அந்த வருஷம் தேங்காய் விலை படுத்துவிட்டது, ஊருக்கு இரண்டாவது டெலிபோன் வந்தது, பொட்டலத்தில் பூ நின்றுபோனது. ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் சொல்வார்கள்.

பூக் கேட்காமல் அங்கே ஒரு காரியமும் நடந்ததில்லை. தண்ணீருக்குப் போர் போடுவதா, பெண் கொடுப்பதா, பங்காளி மேல் கேஸ் போடுவதா, எதுவானாலும் பூசாரி சுப்பையன் வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார். பக்கத்தில் நிற்கிற ஏதாவது ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கேட்டவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். காரியம் கெட்டுப்போனாலும் அவர் மேல் பழி கிடையாது, அம்மன் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான்.

முதல் காலிப் பொட்டலம் கதிரேசனுக்கு வந்தது. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். இருத்தலியம் என்றால் அவருக்கு உயிர். மேலே உட்கார்ந்துகொண்டு யாரும் மனிதனுக்கு வழி சொல்வதில்லை, அவனேதான் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்காமல் சும்மா இருப்பதும் ஒரு தேர்வுதான், அதற்கும் அவனேதான் பொறுப்பு என்று சாக்பீஸ் உடைய உடைய எழுதிப்போடுவார். பிள்ளைகள் அதை அப்படியே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிக்கொண்டு, போகிற வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிட்டுப் போவார்கள். சொந்த ஊரான இங்கே வந்தாலும் கதிரேசன் கோயில் வாசலோடு நின்றுகொள்வார்.

அவர் மகள் தென்றலுக்கு ஆறு வயது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு ஓடினால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், மேஜையிலேயே போய்விடவும் செய்யலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். செய்யாவிட்டால் எத்தனை நாள் என்று சொல்வதற்கில்லை, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றும் சொன்னார். அம்மன் வெள்ளைப் பூக் கொடுக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கதிரேசனின் மனைவி மதிவதனி சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு அவர் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது அவருக்கு. இத்தனை படித்த மனுஷனுக்கு அப்படி இருந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் கோயிலுக்குப் போனார்கள். கதிரேசன் முதல்முறையாக வாசலைத் தாண்டினார். வேறு குழந்தைகள் யாரும் இல்லாததால் தென்றலே பொட்டலத்தை எடுத்தாள். "மெத்துனு இருக்குதுங்கப்பா" என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுப்பையனிடம் கொடுத்தாள். அவர் பிரித்தார். இலை ஈரமாக இருந்தது, பூ இல்லை. இன்னொன்றையும் பிரித்தார், அதிலும் இல்லை. "என்ற கையாலதானுங்க மடிச்சு வெச்சேன்" என்று இலையை உதறிக் காட்டினார். மதிவதனி கணவன் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருப்பாள். கதிரேசன், "அடுத்த வெள்ளிக்கெழம வந்து கேட்டுப் பாக்கலாம், மதி" என்றார்.

நம்பாதவன் கால் பட்டதால் வந்த வினை என்று ஊர் பேசியது. கோயிலைக் கழுவிவிட்டார்கள், கிடாய் வெட்டினார்கள். சுப்பையன் மேல் சந்தேகப்பட்டு ஊர்ப் பெரியவர்களே மடித்துப் பார்த்தார்கள், இலையை நூலால் கட்டிப் பார்த்தார்கள். கையில் எடுக்கிறவரைக்கும் உள்ளே பூ தட்டுப்படும், பிரித்தால் ஈரம் மட்டும் இருக்கும். கதிரேசன் வாராவாரம் போனார். கூட வேலை பார்க்கிற பிரான்சிஸ் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். விஷயத்தைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டார். "பூ வந்துட்டா அதுக்குப் பேரு விசுவாசம் இல்லீங்க, ரசீது. ஒண்ணுமே வராதப்ப எடுத்து வெக்கறீங்க பாருங்க ஒரு அடி, அதுதானுங்க விசுவாசம். சாமி இல்லாம நீங்க பாடம் நடத்தறதும் இதையேதானுங்களே?" என்றார். கதிரேசன் தலையாட்டினார். இந்த வாரம் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே தென்றல் அம்மா மடியில் சாய்ந்துவிட்டாள். ஒரு சடை முடிந்திருந்தது, இன்னொன்று பாதியில் நின்றது. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு மதிவதனி கணவன் முன்னால் வந்து நின்றாள். "சாமி சொல்லலீங்க. நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள். அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், வார்த்தை மட்டும் இல்லை.

கதிரேசன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். ஊரும் பாவம், தவித்துக்கொண்டுதான் இருந்தது. முகூர்த்தக்கால் நடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பந்தலுக்கு இறக்கின கீற்று வெயிலிலேயே மக்கிப்போனது. போர் போட வந்த லாரி ஒரு வாரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. ஜனங்கள் தூக்கம் கெட்டு இளைத்துப்போனார்கள். 1995இல் ஒருநாள் நஞ்சுண்டன் என்கிற விவசாயி காலி இலையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் தம்பிக்குத் தலையில் கட்டி, திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கதிரேசன் அவன் பக்கத்தில் போய், "கூட்டிட்டுப் போங்க. நான் சொல்றேன்" என்றார். நஞ்சுண்டன் போனான். தம்பி பிழைக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் நஞ்சுண்டன் கதிரேசன் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினான். பெற்ற பிள்ளையையே காப்பாற்றத் துப்பில்லாதவன் ஊருக்கு வழி சொல்கிறாயா என்று கேட்டான். கதிரேசன் உள்ளே போகவில்லை. அவன் ஓய்கிறவரைக்கும் நின்று கேட்டுவிட்டு, "ஆமாங்க, நாந்தான் சொன்னேன்" என்றார். மதிவதனி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நஞ்சுண்டனிடம் நீட்டினாள். அழுது தொண்டை கட்டியிருந்ததால் அவனும் வாங்கிக் குடித்தான்.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோயிலில் காலி இலையைப் பிரித்த கையோடு நேராகக் கதிரேசன் வீட்டுக்கு வருவார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் முழுக்க விசாரித்துவிட்டு, செய் என்றோ வேண்டாம் என்றோ ஒன்றைச் சொல்லிவிடுவார். நல்லபடியாக முடிந்தவர்கள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். கெட்டுப்போனவர்கள் அவர் வாசலுக்கு வந்து திட்டினார்கள். இந்தப் பங்கீடு சரிதான் என்று அவர் நினைத்தார்.

1998 ஆடியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர் எதிரில் மதிவதனி வந்து நின்றாள். "ஏனுங்க" என்றாள். அந்தக் குரலே அவருக்கு மறந்துபோயிருந்தது. "மார்ல கட்டி இருக்குதுங்க. அறுக்கோணுங்கறாங்க. போகட்டுங்களா?"

யார் யாருக்கோ சொன்னது வேறு. இது தவறிப்போனால் வாசலில் வந்து நின்று திட்டக்கூட ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"போலாம் மதி. நானும் வாரேன்" என்றார்.

அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். பஸ் கோயிலைத் தாண்டும்போது அங்கே யாரோ பூக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் வழக்கம்போலக் காலியாக இருந்தது, கேட்டவர் கையின் ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கிணத்துக்கடவு தாண்டியதும் மதிவதனி பேச ஆரம்பித்தாள். தென்றலுக்கு ஜுரம் வந்த நாட்கள், பின்னி முடிக்காத சடை, அவர் மேல் அவளுக்கு இருந்த வெறுப்பு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று முன்னும் பின்னுமாக எல்லாம் வந்தது. கோயமுத்தூர் உக்கடம் வருகிறவரைக்கும் அவள் நிறுத்தவில்லை, கதிரேசன் ஜன்னல் பக்கம் திரும்பாமல் அத்தனையையும் கேட்டுக்கொண்டு வந்தார்.